நான்காவது இடைநிறுத்தம்

சனிக்கிழமை மதியம், அவர் கீழே கழிப்பறையில் இருந்த நேரத்தில், நான் அவருடைய பையனின் காலை முறித்தேன்.

பையன் என்று அவர்தான் சொல்வார். பத்தொன்பது வயதுத் தாக்குதல் ஆட்டக்காரன். கணினி வரைந்த முகம், கணினி வைத்த பெயர், தாய் தகப்பன் கிடையாது. பதினாறு வயதில் எவரும் சீண்டாத அவனை எடுத்துப் பழக்கி, கோல் மேல் கோலாக அடிக்க வைத்தவர் எங்கள் கப்பல்பட்டறைக்காரர். மார்சிலிங்கில் வீடு, பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர், கதவை அடைக்கும் உடம்பு. சொந்தப் பிள்ளைகளைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. இவனைப் பற்றிப் பேசாத சனிக்கிழமை இல்லை.

நாங்கள் ஆடியது இணையத்தில் ஆடும் காற்பந்து நிர்வாக விளையாட்டு. இதில் யாரும் பந்தை உதைப்பதில்லை. ஆட்டக்காரர்களை வாங்குவது, பழக்குவது, எதிரணியில் யாரை எப்படி மறிக்க வேண்டும் என்று கட்டளையிடுவது, அவ்வளவுதான் நம் வேலை. ஓடுவதும் விழுவதும் திரையில் நடக்கும். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு ஏற்ற, ஆபத்தில்லாத பொழுதுபோக்கு என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

போட்டியில் எட்டு அணிகள். ஐந்து பேர் மலேசியாவில் அவரவர் வீட்டிலிருந்து ஆடினார்கள். மீதி மூன்று பேர் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், பயணப்பெட்டிகள் விற்கும் ஒரு கடையின் மாடியில். கப்பல்பட்டறைக்காரரும் நானும் போக, கடை முதலாளியான பாய் மூன்றாமவர். விற்காத பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருக்க, நடுவில் ஒரு மேசை, மூன்று மடிக்கணினிகள், ஒரு மின்விசிறி. கழிப்பறை கீழே, கடையின் பின்கட்டில்.

விதிகளை எழுதியவன் நான். அரசாங்க அலுவலகத்தில் மற்றவர்கள் பின்பற்ற வேண்டிய நடைமுறைகளை எழுதியே தலை நரைத்தவன். ஓய்வுபெற்ற மறுநாளிலிருந்து எந்த நடைமுறை பற்றியும் என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. இந்த மாடியில் கேட்டார்கள். எனவே தாராளமாக எழுதினேன். ஓர் ஆட்டத்தில் ஒருவர் மூன்று முறைதான் இடைநிறுத்தம் கேட்கலாம். ஆட்டத்தின் நடுவே ஒருவரின் இணைப்பு அறுந்தால், கணினியின் துணை நிர்வாகி அவருடைய அணியை நடத்துவார். வரும் முடிவு செல்லும். பருவத்தின் முடிவில் கடைசி இடத்தில் இருப்பவர் வெளியேற வேண்டும். காத்திருப்பவர் உள்ளே வருவார்.

அன்று பருவத்தின் கடைசி ஆட்டம், எனக்கும் கப்பல்பட்டறைக்காரருக்கும். கடைசி இடத்துக்கு ஜொகூர்க்காரர் ஒருவரும் நானும் போட்டியிட்டுக்கொண்டிருந்தோம். அவர் தன் ஆட்டங்களை முடித்துவிட்டார். நான் தோற்காமல் இருந்தால் அவர் வெளியே. தோற்றால் நான் வெளியே. பொங்கோலில் என் வீட்டுச் சன்னலிலிருந்து கடல் தெரியும். ஓய்வுபெற்ற முதல் வாரத்திலேயே அதை முழுக்கப் பார்த்து முடித்துவிட்டேன். இந்த மாடியை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை.

முற்பாதியில் பையன் ஒரு கோல் அடித்தான். கப்பல்பட்டறைக்காரர் மேசையைக் குத்தியதில் என் பாலில்லாத தே ஓ பாதி சிந்தியது.

"பாத்தீங்களா சார்? அடுத்த சனிக்கிழமை எங்க போகப் போறீங்க? லைப்ரரியா?"

அவருக்குச் சிறுநீர்ப்பை ஒத்துழைப்பதில்லை. இடைவேளை தாண்டிச் சற்று நேரத்துக்குள் மூன்று இடைநிறுத்தங்களையும் கழிப்பறைக்கே செலவழித்திருந்தார். சற்றைக்கெல்லாம் நாற்காலியில் நெளிந்தார்.

"சார், ஒரு நிமிஷம் நிறுத்துங்க லா."

"மூணு முடிஞ்சுது."

"வெளையாடாதீங்க. அவசரம்."

"விதி தெரியுமில்ல? நீங்களும்தானே கையெழுத்துப் போட்டீங்க."

"யோவ், மனுசனா நீ?" என்று எழுந்தவர், பற்களைக் கடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினார்.

திரையில் எதிரணி ஆட்டக்காரர்களின் பட்டியலைத் திறந்தேன். பையனின் பெயருக்கு எதிரே 'கடுமையாக மோது' என்று ஒரு கட்டளை உண்டு. அதைச் சொடுக்கினேன். என்னிடம் ஒரு தற்காப்பு ஆட்டக்காரன் இருந்தான். திறமை குறைவு, எடை அதிகம். அவன் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய்ப் பையனின் காலுக்குள் நுழைந்தான். பையன் உருண்டான். நடுவர் என் ஆளுக்கு மஞ்சள் அட்டை காட்டினார். அடியில் சிவப்பு எழுத்தில் செய்தி வந்தது: கணுக்கால் எலும்பு முறிவு, தூக்குக் கட்டிலில் வெளியேற்றம். எனக்கு வயிறு குளிர்ந்தது. பேருந்தில் இடம் கிடைத்தாற்போன்ற, எளிமையான, முழுமையான மகிழ்ச்சி.

மாற்று ஆட்டக்காரனை இறக்க ஆள் கழிப்பறையில் இருந்ததால், அவர் அணி பத்துப் பேரோடு ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அவர் படியேறி வந்தார். தன் திரையைப் பார்த்தார். எழுத்துகளை விரலால் தொட்டுப் படித்தார்.

"என் பையன் காலை ஒடச்சிட்டியாடா."

கத்தியிருந்தால் நான் எச்சரிக்கையாகியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார். என் மடிக்கணினியை இரண்டு கையாலும் தூக்கி மேசை விளிம்பில் அடித்தார். திரை இரண்டாகப் பிளந்தது. எழுத்துப் பொத்தான்கள் பல்லுதிர்ந்தாற்போல் தரையில் சிதறின. "இது விதி..." என்று தொடங்கினேன். முழுதாகச் சொல்வதற்குள் அவருடைய முஷ்டி என் மூக்கில் இறங்கியது.

கிழவர்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. ஒவ்வோர் அடிக்கும் நேரம் எடுக்கும். எடுத்து, யோசித்து, இடம் பார்த்து விழும். சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கம்பியோடு வீசினேன். கறுப்புக் கட்டை அவருடைய புருவத்தைக் கிழித்தது. அவர் என் கழுத்தைப் பிடித்துப் பெட்டி அடுக்கின்மேல் தள்ளினார். பெட்டிகள் சரிந்தன. அவற்றின் அடியில் கிடந்தபடி நான் அவர் மணிக்கட்டைக் கடித்தேன். உப்புக் கரித்தது.

பாய் எங்கள்மேல் ஒரு கூஜாத் தண்ணீரைக் கொட்டினார். "யா அல்லா! பேரன் பேத்தி எடுத்த ஆளுங்களா நீங்க? எந்திரிங்க! புதுப் பெட்டி மேல ரத்தத்தைப் பாரு!"

ரத்தம் என்னுடையது. என் இதயத்துக்காகத் தரும் மாத்திரை ரத்தத்தை உறையவிடாது. நிற்கவில்லை. சட்டை, பெட்டி, தரை என்று தன் வழியில் போய்க்கொண்டே இருந்தது. பாய்க்கு முகம் வெளுத்தது. கப்பல்பட்டறைக்காரருக்கு முதலுதவிப் பயிற்சி உண்டு. என் தலையைப் பிடித்து முன்னால் கவிழ்த்து, மூக்கைக் குறடுபோல் இறுக்கினார். அடித்ததைவிட இதுதான் அதிகம் வலித்தது.

"பின்னாடி சாயாத! வாயால மூச்சு விடு!"

"விடுங்க, வலிக்குது."

"வலிக்கட்டும்."

மூக்கை விடாமலே என்னைப் படியிறக்கி டாக்சியில் ஏற்றினார். அவர் புருவத்திலிருந்து சொட்டியது என் தோளில் விழுந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, இருக்கையில் படக்கூடாது என்று மட்டும் சொன்னார். பாய் கைப்பேசியில் அழைத்தார். ஆட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், உங்க இணைப்பு அறுந்துட்டுதுல்ல? தொணை நிர்வாகி எறங்கிட்டாரு. மொத வேலையா அந்தக் குண்டனை வெளிய எடுத்துட்டாரு."

சரியான முடிவு. மஞ்சள் அட்டை வாங்கியவனை நான் வைத்திருந்திருப்பேன், இன்னும் ஒரு காலை முறித்திருப்பான், சிவப்பு வாங்கியிருப்பான்.

"என் பக்கம் மாத்து ஆளை எறக்குங்க பாய்!" என்று கப்பல்பட்டறைக்காரர் என் காதுக்குள் கத்தினார்.

"அடுத்தவர் அணியைத் தொடக்கூடாது," என்றேன் மூக்கடைத்த குரலில். "விதி." அவர் இன்னும் இறுக்கினார்.

மருத்துவமனை வாசலில் டாக்சி நிற்கும்போது பாய் அலறினார். "கோல்! சார், உங்க ஆளு! ஒண்ணுக்கு ஒண்ணு! முடிஞ்சுது!"

நான் வெளியேறவில்லை. என் மடிக்கணினியை அவர் உடைத்ததால், என்னைவிடக் கெட்டிக்காரனான ஒரு கணினி வந்து என்னைக் காப்பாற்றியிருந்தது. அதை அவரும் அதே நொடியில் புரிந்துகொண்டார். டாக்சிக் கதவை அவர் சாத்திய சத்தத்தில் காவலாளி திரும்பிப் பார்த்தார்.

அவசர சிகிச்சைப் பிரிவில் தமிழ்த் தாதி ஒருவர் என் மூக்கினுள் பஞ்சைத் திணித்தபடி கேட்டார்: "எப்படி ஆச்சு அங்கிள்? யாராவது அடிச்சாங்களா? போலிசுக்குச் சொல்லணுமா?"

துணித்திரைக்கு அப்பால் கப்பல்பட்டறைக்காரருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சு நின்றது, காதைத் தீட்டிக்கொண்டிருந்திருப்பார். புகாருக்கு எந்த முகப்பில் நிற்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் நான் எழுதிய இன்னொரு விதி நினைவுக்கு வந்தது. கைகலப்பில் இறங்கியதாகப் பதிவாகும் ஆட்டக்காரர் நீக்கப்படுவார். அவர் ஆடிய ஆட்டங்களின் புள்ளிகள் அனைத்தும் ரத்தாகும். அவர் போனால் என் ஒற்றைப் புள்ளியும் போகும். நான் கடைசி.

"காற்பந்து," என்றேன்.

"இந்த வயசுலயா?"

"ஆமா. பக்கத்துல இருக்கவரும் அதே ஆட்டந்தான்."

வெளியே வந்தபோது, தையல் போட்ட புருவத்தோடு அவர் காத்திருந்தார். "ஏன் சொல்லல?"

விதியைச் சொன்னேன். நன்றி தெரிவிக்கப் போகிறார் என்று ஒரு கணம் பயந்தேன். நல்லவேளை, தரையில் துப்பப் பார்த்து, சுவரிலிருந்த அறிவிப்பைப் படித்து, விழுங்கினார்.

"நீ திருந்தவே மாட்டடா."

ஜொகூர்க்காரர் வெளியேறினார். அவர் அனுப்பிய குரல் பதிவின் வசையில் என் குலமே வந்தது. அடுத்த பருவத்தில், முதல் சனிக்கிழமையே, அட்டவணை எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தது. பாய் பெட்டிகளை எதிர்ச் சுவருக்கு மாற்றி, தேநீரைக் காகிதக் குவளையில் தந்தார். பையனின் கால் சேர்ந்திருந்தது. கொஞ்சம் வேகம் குறைந்திருந்தாலும் கோல் அடிக்கும் கால்தான். என் குண்டனும் ஆடினான்.

முற்பாதி முடிவதற்குள் அவர் மூன்று முறை கீழே போய் வந்தார். பிற்பாதியில் நெளிய ஆரம்பித்தார். இந்த முறை என்னிடம் கேட்கவில்லை. எழுந்தார். மேசையைச் சுற்றி வந்தார். என் புது மடிக்கணினியைத் திறந்தது திறந்தபடியே அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். கீழே தாழ்ப்பாள் விழுந்தது.

"இப்ப ஒடைடா பாக்கலாம், அவன் காலை!"

அடுத்தவரின் மடிக்கணினியைக் கழிப்பறைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று நான் எங்கும் எழுதியிருக்கவில்லை. பாய் என்னைப் பார்த்தார். நான் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கி, கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டு, படியிறங்கினேன்.