பொட்டு வைத்த தண்டவாளம்

"இந்த இன்ஜினுக்குக் கரண்டு எங்கேர்ந்து வருது, சொல்லுங்க பாப்போம்?"

கேட்கிறவர் பஞ்சநதம். சட்டைப்பையிலிருந்து எடுத்த விரல்நீள பொம்மை ரயில் இன்ஜின் அவர் கையில். கேட்கப்படுகிறவர், சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு மூச்சு வாங்கும் காஸ்காரர். "பேட்டரிங்களா?" என்று அவர் பாவமாகச் சொன்னதும் பஞ்சநதத்துக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஒருவராவது தப்பாகப் பதில் சொன்னால்தான் அவருக்கு அன்று சோறு இறங்கும்.

"தண்டவாளம் ரெண்டு இருக்குல்ல? ஒண்ணு ப்ளஸ்ஸு, ஒண்ணு மைனஸ்ஸு. இந்தப் பக்கத்துச் சக்கரம் கரண்ட வாங்கும். மோட்டாரச் சுத்திவிட்டுட்டு அந்தப் பக்கத்துச் சக்கரம் வழியாத் திரும்பிப் போயிடும். சக்கரத்து முதுகுல பாருங்க, செப்புத் தகடு. ஒரசிக்கிட்டே இருக்கும். அதான் உயிரு!"

சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடத்தில் துளி அழுக்கு இருந்தாலும் ரயில் நின்றுவிடும் என்பது அடுத்த பாடம். எதிர்வீட்டில் குடியிருந்த பாவத்துக்கு எனக்கு எல்லாம் மனப்பாடம்.

சிங்கப்பூரிலிருந்து திரும்பிய மனிதர் ஊருக்குக் கொண்டுவந்தது இந்த ரயிலைத்தான். வயலில் நிற்பது குறுவையா சம்பாவா என்று கேட்டால், குத்தகைக்காரர் தமிழ்மாறனைக் கேட்கச் சொல்வார். மாடியில் இருப்பது ஒரே அறை. அதை அடைத்துக்கொண்டு ஒரு பிளைவுட் பலகை. பலகை மேல் மயிலாடுதுறையில் கிளம்பி, தஞ்சாவூரைத் தொட்டு, மயிலாடுதுறைக்கே திரும்பும் பாதை. அதில் எங்கள் குத்தாலம் பெரிய ஜங்ஷன். தஞ்சாவூருக்கு ஒரே பிளாட்பாரம். "நம்ம ஊர நாமதான் சார் ஒசத்தணும்" என்பார். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

வீட்டில் அடுப்பு எரிவது அவர் மனைவி ராஜாத்தியின் தையலால். தையல் மெஷின் கிடப்பதோ மாடிப்படிக்கு அடியில். புரட்டாசி மழையில் அங்கே ஒழுகி, தெருக்கோடி வீட்டு நிலோஃபர் தன் கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டில் சாயம் இறங்கிவிட்டது. அன்றைக்கு ராஜாத்தி பொங்கிவிட்டார்.

"மாடி ரூமக் குடுங்க. இல்லாட்டி மெஷினத் தூக்கிக்கிட்டு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடறேன். அப்புறம் நீங்களும் ஒங்க ரயிலும்!"

பஞ்சநதம் என்னைக் கூப்பிட்டார். "சார் சாட்சி. விஜயதசமியன்னிக்கு ரயிலு நிக்காம ஒரு சுத்து வந்துட்டா ரூம் எனக்கு. நடுவுல நின்னா அவளுக்கு."

கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? முதல்நாள் ஆயுத பூஜை. அறையைத் தக்கவைத்துக்கொள்ளச் சாமியின் தயவும் வேண்டுமாம். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் பொட்டு, தண்டவாளத்தில் ஸ்டேஷனுக்கு ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். ஊருக்குத்தான் உபதேசம்!

"சந்தனம் காஞ்சா கரண்டு எப்படிங்க ஏறும்? தொடச்சிடுங்க" என்றேன்.

"சாமிக்கு வச்சதத் தொடைக்கிறதா? படிச்சவர் பேசுற பேச்சா சார் இது?"

விஜயதசமி காலையில் ராஜாத்தியும் நானும் மாடிக்குப் போனோம். பஞ்சநதம் கும்பிட்டுவிட்டு சுவிட்சைப் போட்டார். இன்ஜின் விக்கியது, துள்ளியது, குத்தாலம் வரை நொண்டிப் போய் நின்றது.

"நின்னுடுச்சு" என்றார் ராஜாத்தி. அந்த ஒரு வார்த்தையில் எத்தனை நாள் ஆசை!

"எது நின்னுச்சு? குத்தாலம் ஜங்ஷன்ல எல்லா வண்டியும் நிக்கும். ஸ்டேஷன்ல நிக்கிறது கணக்குல வராது" என்றார் பஞ்சநதம். பிறகு, தெரு டிரான்ஸ்பார்மரில் லோ வோல்டேஜ். பிறகு, ராஜாத்தி காலையில் வறுத்த மிளகாயின் புகை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

கடைசியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பலகைமேல் கவிழ்ந்தார். கொஞ்ச நேரத்தில் ரயில் நகர்ந்தது. ஆடுதுறை போயிற்று. கும்பகோணம் போயிற்று. கூடவே அவரும் குனிந்தபடியே பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தார்.

"பாத்தீங்களா சார்! சாமி கைவிடல! கரண்டு எப்படிப் பாயுது பாருங்க!"

ராஜாத்தி சுவரோரம் போய், ரயிலின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அவர் முதுகைப் பார்த்தபடி நின்றார். ரயில் பாபநாசத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.