உண்ணி இல்லாத மாடு

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள். கட்டிலில் என் மனைவி. தலைமாட்டில் என் அண்ணி, அதாவது அண்ணன் சம்சாரம். கால்மாட்டில் டாக்டரம்மா. கீழ்நாட்டுக்காரர், அதாவது மலைக்குக் கீழே இருந்து வந்தவர், சின்ன வயசு. பச்சைத் துணி மறைப்புக்கு வெளியே நான்.

மார்கழி மாதம். காய்ச்சல் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மெடிக்கலில் வாங்கிய மாத்திரை போட்டால் இறங்கும், விடிந்தால் ஏறும். தலைவலி தாங்காமல் சுவரில் முட்டிக்கொண்டாள். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் பஸ் ஏற ஒத்துக்கொண்டாள். அண்ணியும் கூடவே ஏறிக்கொண்டது.

அவர்கள் இரண்டு பேருக்கும் ஆகாது. காரணம் மாடு. என் மனைவியின் மாட்டில் உண்ணி இருக்காது. தினமும் சாயங்காலம் காது, கழுத்துத் தோல், வாலடி எல்லாம் விரல் விட்டுத் தடவிப் பார்ப்பாள். ஒன்று அகப்பட்டால் தணலில் போடுவாள். அண்ணி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "சீவி முடிச்சுப் பூ வெக்கிறதுதான் பாக்கி" என்று சொல்லும். இவள் காதில் வாங்க மாட்டாள். என் அம்மா இவளைப் பெண் கேட்டுப் போனபோது, பெண்ணைப் பார்க்கும் முன்னால் அவர்கள் மாட்டின் காதை மடித்துப் பார்த்தவள். ஒரு உண்ணி இல்லை. அப்படி வந்தவள் இவள்.

டாக்டரம்மா கேட்டது எனக்கு வெளியே கேட்டது.

"உடம்புல எங்கயாவது கருப்பாப் பொருக்கு மாதிரி இருக்காம்மா? சிகரெட்டால சுட்ட மாதிரி?"

"இல்லீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது உண்ணிக் காய்ச்சலா இருக்கும்னு பாக்கறேன்."

"எங்க மாட்டுல உண்ணியே கெடையாதுங்க."

"மாட்ட யாரும்மா கேட்டா? உங்களக் கேக்கறேன்."

டாக்டரம்மா கை, கழுத்து, காது மடல் எல்லாம் பார்த்தாராம், அண்ணி பிறகு சொன்னது. இடுப்புச் சேலையைத் தளர்த்தச் சொன்னார். இவள் பிடியை விடவில்லையாம். காய்ச்சல் நூற்று மூன்று. அந்தச் சூட்டிலும் பிடி மட்டும் இறுக்கம்.

"மூச்சு சரியில்ல. இன்னதுன்னு தெரிஞ்சா இப்பவே மருந்த ஆரம்பிச்சிருவேன். இல்லாட்டி கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும். அத்தனை வளைவும் எறங்கற வரைக்கும் தாங்கணுமே."

அண்ணி பக்கத்தில் இருக்கும்போது இவள் வாய் திறக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். உண்ணி கடித்தது என்று ஒரு சொல் வந்தால் போதும். குழாயடி முழுக்கப் போய்விடும்.

உள்ளே சேலை சரசரத்தது.

"இங்க பாருங்க டாக்டரம்மா, தொடையில. இது போன வருசம் கடிச்சது. இது அதுக்கு முந்தி." அண்ணியின் குரல். "என் மாட்டுல கூடை கூடையா இருக்குதுங்க உண்ணி. ஊருக்குள்ள சொல்லிக்கிறதில்ல."

அதே குரல் இவளிடம் திரும்பியது.

"நீயும் சொல்லு புள்ள. நான் மூச்சு உட மாட்டேன்."

"நீங்களா? மூச்சு உடாம இருப்பீங்களா?"

"உட்டா நீ என் தொடையப் பத்திச் சொல்லீரு. செரியாப் போச்சு."

என் மனைவி சிரித்தாள். சிரிப்பு இருமலாகிப்போனது. இருமி முடித்துவிட்டுச் சொன்னாள்.

"இடுப்புலங்க. சேல சொருகற எடத்துல. சுண்ணாம்பு வெச்சிருக்கறேன்."

பஞ்சு நனைத்துத் துடைத்தார்கள். "இதத்தான் தேடினேன்" என்று டாக்டரம்மா சொல்லி என்னையும் உள்ளே கூப்பிட்டார். பார்த்தேன். மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. கருப்பு. சுற்றிலும் சிவப்பு. வலிக்கவே இல்லை, அரிக்கவும் இல்லை என்றாள்.

டாக்டரம்மா சொன்னது இதுதான். மாட்டு உண்ணி கடித்தும் காய்ச்சல் வரும், அது வேறு. இது கடித்தது புல்லிலும் புதரிலும் இருக்கிற பூச்சி. உண்ணிக்குத் தூரத்துச் சொந்தம். கண்ணுக்குத் தெரியாத அளவு. எலி உடம்பில் இருந்து வளர்கிறது. அது கடிக்கும்போது உள்ளே போகிற கிருமியால்தான் காய்ச்சல்.

"துணி எங்கம்மா காயப்போடுவீங்க?"

"பொதரு மேலதாங்க. புல்லறுக்கப் போனாத் தரையில உக்காருவனுங்க." அதற்குள் அவளுக்கு வேறு ஒன்று உறைத்துவிட்டது. "அப்ப மாட்டுல இருந்து வல்லீங்களா?"

"இல்லம்மா. மாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

அண்ணி பக்கம் தலையைத் திருப்பினாள். "கேட்டீங்களாக்கா?"

"கேட்டேன், கேட்டேன். மொதல்ல மாத்திரய முழுங்கு" என்றது அண்ணி.

மாத்திரை போட்டார்கள். பாட்டில் ஏற்றினார்கள். மறுநாளே சூடு குறைந்தது. அதற்கடுத்த நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். குடித்துவிட்டு, மாட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டாள். அண்ணன் என்றேன்.

"காத மடிச்சுப் பாக்கச் சொன்னீங்களா?"

சொன்னேன் என்றேன்.

ஊருக்கு வந்த பிறகு மறைப்பாள் என்று நினைத்தேன். மறைக்கவில்லை. குழாயடியில் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அத்தனை பெண்களுக்கும் இடுப்புத் தழும்பைக் காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்கங்க. காய்ச்சல் வந்தா மொதல்ல உடம்பத் தேடுங்க. இப்பிடி இருந்தா ஒடனே பஸ் ஏறுங்க. வெக்கப்பட்டு நானு சாகக் கெடந்தேன்."

"என் தொடையவும் காட்டட்டுமா?" என்றது அண்ணி.

"வேண்டாங்க்கா. கொழாத் தண்ணி நின்னுரும்."

அந்தச் சிரிப்பு எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. வாசலில் உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இப்போது துணியெல்லாம் கம்பியில் காய்கிறது. புல்லறுக்கப் போகிறவர்கள் உட்காரச் சாக்கு எடுத்துப் போகிறார்கள். ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் இவளைக் கூப்பிடுகிறார்கள். பெண்கள் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு இவளே பார்ப்பாள். அக்குள், காது பின்புறம், இடுப்பு, மடிப்பு ஒன்று விடமாட்டாள். ஆண்கள் என்றால் அவர்கள் சம்சாரத்துக்கு எங்கே பார்ப்பது என்று சொல்லி உள்ளே அனுப்புவாள். கருப்புப் பொருக்கு இருந்தால் அடுத்த பஸ். சிலருக்குப் பொருக்கே இருக்காதாம், டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதனால் இல்லாவிட்டாலும் அனுப்பிவிடுவாள்.

பெருமையை வாயால் சொல்லிப் பழக்கம் இல்லை எனக்கு. அவளிடமும் சொன்னதில்லை. படிப்பு குறைவு, ஆனாலும் இதை எழுதி வைக்கத் தோன்றியது.

பொருக்கைப் பார்த்து அவள் பஸ் ஏற்றிவிட, பிழைத்துத் திரும்பி வந்தவர்கள் இதுவரை ஒன்பது பேர்.