ஓர் உறைபனி இரவுக்காக ஸ்ரௌவ்வில்லுக்கு இரண்டு பயணம்

மே மாதத்தின் இரண்டாவது வார இறுதியில் டொரொண்டோவின் டோர்செட் பார்க்கில் இருந்து வடக்கே ஸ்ரௌவ்வில்லுக்கு இரண்டு தரம் போய் வந்தேன். சனி ஒரு தரம், ஞாயிறு ஒரு தரம். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. இருபத்தெட்டு மரக்கறிக் கன்றுகளை ஒரு நாள் மூடி, மறுநாள் திறக்கப் போனேன். கார் இல்லாமல், வேறொருவர் வளவில் தோட்டம் செய்கிறவர்கள் இந்த நகரத்தில் இன்னும் பலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் இருப்பது பதினோராம் மாடியில். வடக்குப் பார்த்த பல்கனி, வெயில் எட்டியும் பார்க்காது. என்னோடு பாண் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஜெசிந்தா மூன்று வருடத்துக்கு முன் ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கியபோது, பின்வளவில் பன்னிரண்டு அடிக்குப் பத்தடி நிலத்தை எனக்கென்று விட்டுத் தந்தாள். புது வீட்டு வளவுகள் பலவற்றைப் போல அதுவும் வெறும் களிமண். முதல் இரண்டு வருடமும் மண்வெட்டியோடு போராடியதிலேயே போய்விட்டன. போன வருடம் வைத்த கன்றுகள் எல்லாம் மே மாத உறைபனியில் ஒரே இரவில் கருகின. அதற்குப் பிறகு கோடை முழுவதும் அந்த இடம் சேறாகவே கிடந்தது. ஜெசிந்தாவின் கணவர் அன்ரன் அண்ணை பொல்லாத மனிதர் இல்லை. ஆனால் சேற்றைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் அலுத்துவிட்டது. இந்த வருடமும் சரிவராவிட்டால் கல் பதித்து, கதிரை மேசை போடப்போவதாகச் சொல்லியிருந்தார்.

ஆகவே பங்குனியிலேயே குசினி மேசையில் குழல் விளக்குப் போட்டுக் கன்றுகளை வளர்த்தேன். மிளகாய் பன்னிரண்டு, கத்தரி பத்து, பாகல் ஆறு. மே பிறந்ததும் பத்து நாட்கள் இருபத்திரண்டு பாகைக்குக் குறையாத வெயில். மே பின்பாதியில் வரும் நீண்ட வார இறுதி வரை பொறுக்கச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் தெரியும். ஆனால் வேர்கள் சட்டியைச் சுற்றத் தொடங்கியிருந்தன, வியாழக்கிழமை எனக்கு லீவு. டொரொண்டோவின் வானிலையைப் பார்த்தேன், பயமில்லை என்று தெரிந்தது. கொண்டுபோய் நட்டுவிட்டேன்.

பிழை அங்கேதான். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தற்செயலாகத் தொலைபேசியில் ஸ்ரௌவ்வில் என்று மாற்றிப் பார்த்தேன். ஞாயிறு விடியப்புறம் மைனஸ் இரண்டு, உறைபனி எச்சரிக்கை. அதே இரவுக்கு டொரொண்டோவில் பிளஸ் நான்கு! ஏரிக்குக் கிட்ட இருக்கும் எங்கள் பக்கம் இரவில் அவ்வளவு குளிராது. வடக்கே போகப் போக அந்தக் காப்பு இல்லை. வானம் வெளித்து, காற்றும் அடங்கினால் நிலத்துச் சூடு முழுவதும் மேலே போய்விடும். இதை நான் போன வருடமே யோசித்திருக்க வேண்டும்.

ஜெசிந்தா குடும்பம் மொன்றியலில், உறவினர் பிள்ளை ஒன்றின் முதல்நன்மைக் கொண்டாட்டத்தில் நின்றது. கோல் எடுத்தேன்.

"விடடி, ஒரு இரவுக்காக இவ்வளவு தூரம் போகப்போறியே?" என்றாள். பின்னால் அன்ரன் அண்ணையின் குரல் கேட்டது. "இந்த முறையும் கருகினா கல்லுத்தான், திங்கக்கிழமை கல்லுக்காரன் அளக்க வாறான் எண்டு அவவுக்குச் சொல்லும்."

"நான் போறன்," என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

வீட்டில் இருந்த பழைய பெட்சீற் ஐந்து, உடுப்புக் காயப்போடும் கிளிப் இரண்டு பெட்டி, பல்கனியில் கிடந்த மூங்கில் தடிகள், எல்லாவற்றையும் பொதியாகக் கட்டினேன். பன்னிரண்டு ஐம்பதுக்கு 43ஆம் இலக்க பஸ். என் பொதியைப் பார்த்த சாரதி, உடுப்புத் தோய்க்கவா என்று ஆங்கிலத்தில் கேட்டார். கத்தரிக்கன்றுக்குப் போர்வை என்றேன். அவர் சிரித்துவிட்டு நான் இருக்கையில் அமரும் வரை பஸ்ஸை எடுக்கவில்லை. கென்னடி நிலையம் நாலு கிலோமீற்றர், பதினைந்து நிமிடம். அங்கிருந்து ரயிலில் முக்கால் மணித்தியாலம். ஸ்ரௌவ்வில்லில் இறங்கி மூன்று கிலோமீற்றர் நடை. காற்றில் பொதி என்னை இழுத்தது. வீட்டை அடையும்போது மூன்று பத்து.

பக்கவாட்டுப் படலையைத் திறந்து உள்ளே போய்த் தடி ஊன்றிக்கொண்டிருந்தேன். வேலிக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது. வீட்டுக்காரர் இல்லையே, நீங்கள் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டது. பதற்றத்தில் எனக்குத் தமிழ்தான் வந்தது. "ஐயோ, நான் ஜெசிந்தான்ர சிநேகிதி. கத்தரிக்கண்டு மூட வந்தனான்."

"அட, தமிழா நீங்க? சொல்லக்கூடாதா அக்கா!" அவர் பக்கத்து வீட்டு றிஸ்வான். புத்தளத்துக்காரர், குளியலறைகளுக்கு மாபிள் பதிப்பவர். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, பெட்சீற்றைத் தொட்டுப் பார்த்தார். "இது இலையில பட்டா பட்ட இடம் கருகிடும். நில்லுங்க." கராஜுக்குள் போய், சீமெந்துக் கலவை வந்த பெரிய வெற்று வாளிகள் பதினொன்றை வேலிக்கு மேலால் ஒவ்வொன்றாகத் தந்தார்.

பதினொரு வாளி, இருபத்தெட்டுக் கன்று. கத்தரி பத்துக்கும் வாளி கவிழ்த்தேன். ஒன்று பாகலுக்கு. மிளகாய் வரிசைக்குத் தடி ஊன்றி, இலையில் படாமல் நான்கு பெட்சீற்றைக் கிளிப் போட்டு இறுக்கினேன். மிஞ்சிய ஐந்து பாகலுக்குத் தடி போதவில்லை. கடைசிப் பெட்சீற்றை அப்படியே மேலே விரித்தபோதே அவை தப்பாது என்று தெரிந்தது. ஆனாலும் ஓரங்களுக்குக் கல் வைத்தேன்.

"காலையில ஆறு மணிக்கு நான் வேலைக்குப் போயிருவேன். அந்த நேரம் பனி இருக்கும், திறக்க ஏலாது," என்றார் றிஸ்வான்.

"நான் வாறன்."

"திரும்பவுமா?"

"ஓம். வெயில் ஏறினா வாளிக்குள்ள அவிஞ்சுபோம்."

ஞாயிறு பூசையை விட்டுவிட்டு, காலையிலேயே ரயில் பிடித்தேன். மார்க்கம் நகரைத் தாண்டியதும் வயல்கள் வெள்ளையாகக் கிடந்தன. நிலையத்தில் இருந்து பாதித்தூரம் ஓடினேன் என்றே சொல்லலாம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒன்பதேகாலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நிழல் விழுந்த புல்லில் இன்னும் பனி மினுங்கியது.

முதல் வாளியைத் தூக்கினேன். கத்தரி நேற்று விட்டபடியே நின்றது. இரண்டாவது, மூன்றாவது, பத்தும்! வாளிக்குள் இருந்த பாகலும் பச்சை. மிளகாயில் ஓரத்து இரண்டு போய்விட்டன. காற்று அங்கே கிளிப்பைக் கழற்றியிருந்தது. மற்றப் பாகல் ஐந்தும் வேகவைத்த கீரை போலத் தொங்கின. ஈர மண்ணில் குந்தியிருந்து இரண்டு தரம் எண்ணினேன். இருபத்தொன்று.

படம் எடுத்து ஜெசிந்தாவுக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் அன்ரன் அண்ணையே கோல் எடுத்தார்.

"உது எங்கட வளவோ?"

"ஓம் அண்ணை."

"நேற்றும் வந்து இண்டைக்கும் வந்தனீரோ? பஸ்ஸிலயோ?"

"ஓம்."

"சரி, கல்லுக்காரனை வரவேண்டாமெண்டு சொல்லுறன். தண்ணிக் குழாய் கராஜுக்குள்ள கிடக்கு, கதவுக் கோட் சொல்லுறன், எழுதும்," என்றார். ஈர மண்ணில் விரலாலேயே எழுதினேன்.

போக நினைப்பவர்களுக்கு: பஸ்ஸுக்குக் கொடுக்கும் 3.30 டொலர், அதே பயண அட்டையை ரயில் நிலையத்திலும் தட்டினால் ரயில் கட்டணத்தில் கழிந்துவிடும். வார இறுதியில் ரயில் குறைவு, நேரத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். வீட்டு வாசலில் இருந்து தோட்டம் வரை, காத்திருப்பும் நடையும் சேர்த்து எனக்கு இரண்டு மணித்தியாலமும் இருபது நிமிடமும். நீங்கள் குடியிருக்கும் இடத்து வானிலையைப் பார்க்காதீர்கள், கன்று நிற்கும் இடத்தைப் பாருங்கள். பொழுதுபட முன் மூடுங்கள், மண்ணில் மிஞ்சிய சூடு உள்ளே நிற்கும். துணி இலையைத் தொடக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரரோடு முதலே கதைத்து வையுங்கள்; நான் மூன்று வருடமாகக் கதைக்கவில்லை.

இங்கே கோடை குறுகியது. வசந்தம் எங்களைக் கேட்டு வருவதில்லை, சொல்லிவிட்டுப் போவதும் இல்லை. அதோடு கோபித்துப் பயனில்லை, அது வரும் நேரத்தில் நாங்களும் அங்கே நிற்க வேண்டும், அவ்வளவுதான். பாகல் விதை பத்து நேற்று ஊறப்போட்டேன். இன்று காலை இரண்டு வெடித்திருந்தன.