மெத்தோடியைச் சுற்றிய கறுப்புச் சட்டம்

சோர்னிட்சாவுக்குப் பொறுமை கிடையாது. யார் வாயைத் திறந்தாலும் பாதியில் வெட்டுவாள். ஆனால் செத்துப்போனவர்கள் விஷயத்தில் அவளைப் போல நிதானமானவளை நான் பார்த்ததில்லை. விதின் நகரில் எங்கள் சின்னச் செய்தித்தாளின் இணையப் பக்கத்தைக் கட்டியவள் அவள். பக்கத்து மேசையில் இரங்கல் அறிவிப்புகளைத் தட்டச்சு செய்வது நான்.

எங்கள் ஊரில் ஒருவர் போய்விட்டால் படமும் பெயரும் கறுப்புச் சட்டத்துக்குள் அச்சாகி வீட்டுக் கதவில் ஏறும். நாற்பதாம் நாள் மறுபடியும் ஒட்டுவோம். பாதி ஊர் ஸ்பெயினுக்குப் பிழைக்கப் போன பிறகு, அவர்களுக்காக இணையத்திலும் போட ஆரம்பித்தோம்.

அன்று மத்தியானம் நெவென்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மறுநாள் அவள் கணவர் மெத்தோடிக்கு நாற்பதாம் நாள்.

"உசுரோட இருந்தவரைக்கும் அந்தப் பெட்கோ வீட்டு வேலியத் தாண்டாத மனுஷன்டி! செத்த பெறகு அவன் வீட்டுக்குள்ள நுழைய வச்சிட்டீங்களே!"

சோர்னிட்சாவின் திரையை எட்டிப் பார்த்தேன். மெத்தோடியின் படம் தன் சட்டத்துக்குக் கீழே துருத்திக்கொண்டு, அடுத்த அறிவிப்பில் இருந்த பெட்கோவை ஓரமாகத் தள்ளிவிட்டு நின்றது. ஒரு பிளம் மரத்துக்காகக் கடைசிவரை பேசிக்கொள்ளாத பக்கத்து வீட்டுக்காரர்கள் அவர்கள்.

"இன்னும் நாலு வரி எழுதித் தாங்கம்மா, சட்டம் தானா இறங்கிடும்" என்றார் ஆசிரியர் அசேன்.

"என்னத்த எழுத? 'வீடு காலியா இருக்கு.' அவ்ளோதான். எம் பொண்ணுக்கு லீவு குடுக்கல, நாளைக்கு வலென்சியாவுல இருந்து இதத்தான் பாப்பா. அப்பன இப்பிடியா பாக்கணும்?"

எழுத்து பக்கத்தில் ஓடட்டும் என்று சோர்னிட்சா படத்தை இடப்பக்கம் மிதக்க விட்டிருந்தாள். மிதக்கிற படத்தைச் சட்டம் கணக்கிலேயே எடுக்காது. எழுத்து எவ்வளவோ அவ்வளவுக்குச் சுருங்கிக்கொள்ளும். நாங்கள் செத்தவர்களைப் பற்றி நீட்டி முழக்குகிறவர்கள். அதனால் அதுவரை குட்டு வெளிப்படவில்லை.

"எல்லாச் சட்டத்துக்கும் ஒரே உயரம் வச்சிடேன்" என்றார் அசேன்.

"நாளைக்கு ஒருத்தி பக்கம் பக்கமா எழுதுவா, எழுத்து வெளிய தொங்கும். அவகிட்ட அளவா அழுன்னு நீங்க சொல்றீங்களா?"

எனக்குச் சோர்னிட்சாவைக் கட்டியணைக்கலாம் போலிருந்தது.

ஒவ்வொரு சட்டத்தின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத வெற்றுத் துண்டு ஒன்றை வைத்தாள். மிதப்பவை முடிந்த இடத்துக்குக் கீழேதான் உட்கார வேண்டும் என்று அதற்குக் கட்டளை. அதையும் உள்ளே வைத்துக்கொள்ள வேண்டியிருந்ததால் சட்டம் படத்தைத் தாண்டி இறங்கியது. அதோடு விட்டாளா? நெவென்காவின் மகள் எந்தக் கணினியில் பார்ப்பாளோ என்று அலுவலகத்தின் ஓட்டை உடைசல் ஒவ்வொன்றிலும் திறந்து பார்த்தாள்.

"பெட்கோவுக்கும் சரி பண்ணிட்டியா?" என்றாள் நெவென்கா.

"எல்லாருக்கும்தான்க்கா."

நெவென்கா திரையையே பார்த்தாள். "பண்ணு, பண்ணு. அவன் பொண்டாட்டியும் பாப்பால்ல."

மறுநாள் சாயங்காலம், செத்தவர் நினைவாக எல்லாருக்கும் பங்கிடுகிற, சர்க்கரை போட்டு அவித்த கோதுமையோடு வந்தாள். மகள் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, வலென்சியாவில் தன் வாடகை வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டாளாம். மாடியேறுகிறவர்கள் நின்று, யார் இவர் என்று கேட்டார்களாம்.

"எங்க அப்பான்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னாளாம்" என்றாள் நெவென்கா. "இத்தன நாளா போன்ல அழவே இல்ல. இன்னைக்குத்தான் அழுதா."