ஏறவேண்டிய எடை

அந்தப் பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் அவளுக்குக் கொடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பதிவில் மட்டும்தான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இஸ்திரி இயந்திரத்தில் நிற்கிற அக்கா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவ இடுப்பைப் பாருங்கடி, பூங்கொடி கணக்கா இருக்கா. ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டினா துணியே காயப்போடலாம்" என்றாள். கூடமே சிரித்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான்.

கொடிக்கு அதில் வருத்தமில்லை. சொல்லப்போனால் உள்ளுக்குள் ஒரு பெருமை. கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை, பிரிக்காமல் தைக்காமல், இன்றைக்கும் அவளுக்குச் சரியாக இருந்தது. கட்டிலுக்கடியில் ஓர் எடைக்கருவி வைத்திருந்தாள். குளித்ததும் அதில் ஏறி நிற்பாள். முள் கல்யாணத்தன்று காட்டிய இடத்தைத் தாண்டிவிட்டால் அன்றைக்கு வெறும் தேநீர்தான். தாண்டாவிட்டாலும் பெரிதாக எதுவும் உள்ளே போய்விடாது. லாரி ஓட்டுகிற கணவருக்குக் கட்டிக்கொடுத்து, மகளுக்குப் போட்டு, மிச்சத்தைப் பாத்திரம் கழுவுகிற இடத்திலேயே நின்றபடி நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடுகிறவள் அவள். உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது என்று கேட்டால் விழிப்பாள்.

மகள் அப்படியே அப்பாவை உரித்து வைத்தவள். பதினான்கு வயதுக்குள் அம்மாவை விட உயரம், அகன்ற தோள், கனத்த மணிக்கட்டு. அதுதான் நாத்தனாருக்கு வாய்க்கு அவல். வரும்போதெல்லாம், "உங்கம்மாவைப் பாரு, உன்னைப் பாரு. ரெண்டு பேரும் சேந்து தெருவுல போனா நீதான் அவங்கள பெத்தவன்னு நினைப்பாங்க" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். மகளும் சிரிப்பாள். கொடியும் சிரிப்பாள்.

ஒருநாள் ஓட்டலில் ரத்ததான முகாம் போட்டார்கள். இஸ்திரி அக்கா வருஷா வருஷம் கொடுப்பவள். "வாடி, ஒரு பாட்டில் ரத்தம் குடுத்தா ஒண்ணும் ஒடிஞ்சு போயிட மாட்டே" என்று கொடியையும் இழுத்துக்கொண்டு போனாள்.

நர்ஸ் சிரித்த முகம். கொடியை எடை பார்த்தாள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்துச் சோதித்தாள். பிறகு கீழிமையை இழுத்துப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"அம்மா, நீங்க ரத்தம் குடுக்கக் கூடாது. எடையும் பத்தாது, ரத்தமும் பத்தாது. உங்களுக்கே யாராவது குடுக்கணும் போல இருக்கே."

பக்கத்தில் படுத்திருந்த இஸ்திரி அக்கா முதலில் கெக்கலி கொட்டிச் சிரித்தாள். கொடியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"மாடி ஏறினா மூச்சு வாங்குதா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"வாங்கும். எல்லாருக்கும் வாங்கறதுதானே?"

"முடி கொட்டுதா? கண்ண இருட்டிக்கிட்டு வருதா?"

"எப்பவாவது. வேலை அலுப்பு."

"அலுப்பு இல்லம்மா, சோகை. தள்ளிப் போடாம டாக்டரைப் பாருங்க."

மேற்பார்வையாளர் அன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். போகிற வழியெல்லாம் கொடிக்கு ஒரே குழப்பம். ஊரே கண் வைத்த உடம்பு இது. 'எப்படி இப்படியே வச்சிருக்கே?' என்று கேட்காத பெண் இல்லை. அந்த உடம்பையா வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள்?

கதவைத் திறந்தபோது மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தாள். சீருடைகூட மாற்றாமல் எடைக்கருவி மேல் நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா! குறைஞ்சிருக்கும்மா! இங்க வந்து பாரேன்!"

மேசையில் சாப்பாட்டு டப்பா இருந்தது. கொடி அதைத் தூக்கிப் பார்த்தாள். காலையில் கட்டிக் கொடுத்த கனம் அப்படியே இருந்தது.

"மத்தியானம் சாப்பிடலையா நீ?"

"நீயும்தான் சாப்பிட மாட்டே."

"எத்தனை நாளா இந்தக் கூத்து?"

மகள் கீழே இறங்கினாள். "கொஞ்ச நாளா. திட்டாதம்மா. எனக்கும் உன்ன மாதிரி ஆகணும், அவ்வளவுதான்."

கொடி திட்டத்தான் வாயைத் திறந்தாள். எந்த வாயால் திட்டுவது? கட்டிலில் உட்கார்ந்தாள். மகளைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, முகாமில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மகள் முதலில் நம்பவில்லை. கண்ணாடி எடுத்துவந்து தன் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். அங்கே நல்ல சிவப்பு. பிறகு அம்மாவின் இமையை இழுத்தாள். பலமுறை துவைத்துச் சாயம் போன துணிபோல வெளிறிக் கிடந்தது.

"அம்மா," என்றாள் சின்னக் குரலில், "உனக்கு ஏதாவது ஆயிடுமா?"

"ஆக விட மாட்டேன். நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம். நீயும் வர்றே."

சுகாதார நிலையத்து டாக்டரம்மா நறுக்கென்று பேசுகிறவர். மகளை நிற்க வைத்து, நடக்க வைத்து, ரத்தம் பார்த்தார். "இவளுக்கு ஒரு குறையும் இல்ல. எலும்பே அகலம். அதைச் செதுக்கவா முடியும்? நல்லா ஓடட்டும், விளையாடட்டும், வேளைக்குச் சாப்பிடட்டும். வளர்ற பிள்ளை பட்டினி கிடந்தா உடம்பு மட்டும் இல்ல, மூளையும் சோர்ந்து போகும்" என்றார். பிறகு கொடியின் பக்கம் திரும்பினார். "மாசாமாசம் ரத்தப்போக்கு எப்படி?"

"அது... அதிகமாத்தான் போகும் டாக்டர். எங்கம்மாவுக்கும் அப்படித்தான்."

"அம்மாவுக்கும் யாரும் வைத்தியம் பாத்திருக்க மாட்டாங்க."

சோதனைகள், இரும்புச்சத்து மாத்திரை, அதைத் தேநீரோடு விழுங்காதே என்ற எச்சரிக்கை, ரத்தப்போக்குக்கு மருந்து. கடைசியில் கொடி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "நான் எவ்வளவு எடை இருக்கணும் டாக்டர்?"

"இன்னும் ஏறணும். ஆனா முள்ளை மட்டும் பாத்துக்கிட்டு இருக்காதீங்க. காலையில எழும்போது தெம்பா இருக்கா, மூட்டை தூக்கினா படபடப்பு வராம இருக்கா, நல்லாத் தூங்கறீங்களா, அதைப் பாருங்க."

எடையைக் குறைப்பதுதான் பெரும்பாடு என்று எண்ணியிருந்தவளுக்கு, ஏற்றுவது அதைவிடப் பெரும்பாடு என்று அப்புறம்தான் தெரிந்தது. நாலு வாய்க்கு மேல் போனால் வயிறு கல்லாகிவிடும். மகள் எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். "நீ வாய் வைக்கற வரைக்கும் நானும் வைக்க மாட்டேன்" என்பாள். பிள்ளை பட்டினி கிடந்துவிடுவாளே என்று இவள் சாப்பிடுவாள். அம்மா எழுந்துவிடுவாளே என்று அவளும் சாப்பிடுவாள். ஊர் திரும்பிய கணவர் இதை வாசலில் நின்று பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு தானும் வந்து உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தபடி, "இத்தனை வருஷத்துல நீ சாப்பிட்டியான்னு நான் ஒரு தடவை கூடக் கேக்கல இல்ல?" என்றார். கொடி அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவர் கரண்டியை வாங்கி அவள் தட்டிலும் சோறு வைத்தார்.

சலவைக்கூடத்தில் இஸ்திரி அக்கா தினமும் ஓர் அவித்த முட்டையோடு வந்தாள். "கொடிக்குப் பந்தல் போடறேன்" என்பாள். அவளுக்கே முட்டிவலி. எடையைக் கொஞ்சம் இறக்கச் சொல்லியிருந்தார்கள். மத்தியானம் சாப்பிட்டதும் இருவரும் ஓட்டல் மதிலைச் சுற்றி நடந்தார்கள். "உனக்கு ஏறணும், எனக்கு இறங்கணும். படிக்கட்டு என்னவோ ஒண்ணுதான்" என்று அக்கா சொல்ல, இருவரும் மூச்சு வாங்கச் சிரிப்பார்கள்.

ஒருநாள் கல்யாண ரவிக்கையின் கொக்கி மாட்டவில்லை. கொடி அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நல்லதுதான் நடக்கிறது என்று புத்திக்குத் தெரியும். மனசு கேட்டால்தானே? ஏதோ பரிசு கைநழுவிப் போனது மாதிரி இருந்தது. கொஞ்சம் அழுதாள். அப்புறம் முகத்தைக் கழுவி, வேறொன்றைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு ஓடினாள். பஸ்ஸைப் பிடித்தும் விட்டாள்.

மகளை விளையாட்டு டீச்சர் குண்டு எறிதலில் சேர்த்திருந்தார். "குண்டுன்னு கூப்பிட்டவங்க எல்லாம் இப்ப அதைத் தூக்கிப் பாக்கட்டும்" என்று மகள் வீட்டில் தோளைத் தட்டிக் காட்டினாள். போட்டியில் நாலாவதாகத்தான் வந்தாள். அதைப் பற்றி முதலாவதாக வந்தவள் போலப் பேசினாள்.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"என்ன அண்ணி, சதை போட்டுட்டீங்களே!"

"ஆமா, ரொம்பப் பாடுபட்டுப் போட்டது. சும்மா வரல" என்றாள் கொடி. பழக்க தோஷம், நாத்தனாரின் கண் மகள் பக்கம் போனது. அவள் வாயைத் திறக்குமுன் கொடி சொன்னாள்: "நீ என்னைப் பத்தி என்ன வேணா பேசு, சிரிச்சுக்கறேன். என் பொண்ணோட உடம்பைப் பத்தி மட்டும் இந்த வீட்டுல இனிமே யாரும் பேசக்கூடாது. நானும் சேந்து சிரிச்சிருக்கேன். அவ டப்பாவைத் திறக்காம திருப்பிக் கொண்டு வந்தா."

நாத்தனார் முகம் சுண்டியது. கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்றுதான் கொடி நினைத்தாள். ஆனால் சற்று நேரத்தில் அவள் அடுப்படிக்கு வந்து, கதவோரம் நின்று, புடவைத் தலைப்பைத் திருகினாள்.

"அண்ணி, நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன். பிள்ளை மனசுல இவ்வளவு தூரம் போகும்னு தெரியல."

"சரி விடு."

"எனக்கும் கொஞ்ச நாளா படபடன்னு வருது. ராத்திரிக்குச் சாப்பிடறதே இல்ல, இருந்தும் உடம்பு ஊதிக்கிட்டே போகுது. வெளியில சொல்ல வெக்கமா இருக்கு. அந்த டாக்டரம்மா... என்னையும் திட்டுவாங்களா?"

"திட்டுவாங்க. ஆனா கேக்கற மாதிரி திட்டுவாங்க" என்றாள் கொடி.

அடுத்த விடுமுறை நாளில் மகளையும் சேர்த்து மூவரும் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். நாத்தனார் உள்ளே போய் வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். கண் கலங்கியிருந்தது, முகம் தெளிந்திருந்தது. தைராய்டு சோதனைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்களாம். ராத்திரிப் பட்டினியை முதலில் நிறுத்து என்றும், முடிந்தவரை நட என்றும் சொன்னார்களாம்.

பஸ் நிறுத்தத்தில் பஸ் காலியாகவே நின்றது. நாத்தனார் அதைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள்.

"நடக்கலாமா அண்ணி?"

"நடக்கலாம்."

மகள் நீள நீளமாக எட்டு வைத்து முன்னால் போய்விட்டாள். மரத்தடியில் நின்று திரும்பி, இடுப்பில் கை வைத்து, "அத்தை, அம்மா, சீக்கிரம் வாங்க! உங்களுக்காக நான் எவ்வளவு நேரம் நிக்கறது?" என்று கத்தினாள்.

"வர்றோம்டி, உன் காலு நீளம்!" என்று அத்தைக்காரி பதிலுக்குக் கத்தினாள். அப்புறம் கொடியின் கையைப் பிடித்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள்.