அப்பா ஜாடை

எங்கள் வீட்டில் நான் அப்பா ஜாடை, தம்பி அம்மா ஜாடை. அப்பா குடல் புற்றுநோயில் போனபோது துக்கம் கேட்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். வேறு நாளாயிருந்தால் நறுக்கென்று கேட்டிருப்பேன். அன்று மரத்துப்போயிருந்தேன்.

மருத்துவமனையில் மரபணு ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். செல் பிரியும்போதெல்லாம் டிஎன்ஏவை நகலெடுக்கிறது. பிழை விழத்தான் செய்யும். அதைக் கண்டுபிடித்துத் திருத்தவே சில புரதங்கள் இருக்கின்றன. அப்பாவுக்கு அப்படியொரு புரதத்தைச் செய்யும் மரபணுவிலேயே பிழை. அதிலிருந்து உருவாகும் புரதம் பாதியில் நின்று, ஒன்றுக்கும் உதவாது. அதே மரபணுவின் இன்னொரு நல்ல பிரதி இருக்கும்வரை செல் சமாளிக்கும். குடலில் ஏதோ ஒரு செல்லில் அதுவும் கெட்டால் திருத்த ஆளில்லை. பிழைமேல் பிழை சேர்ந்து, வளர்ச்சியை அடக்கும் புரதங்களும் கெட்டுப்போய், செல் கண்டபடி பெருகும். பிள்ளைகளுக்கு அந்தப் பிழையுள்ள மரபணு வர ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தலையாட்டிவிட்டு ரத்தம் கொடுத்தேன்.

எனக்கு இல்லை என்று வந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை.

தம்பி துவாஸ் தொழிற்பேட்டையில் சேஃப்டி ஆபீசர். ஊரார் தலையில் ஹெல்மெட் இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்ப்பவன். ஃபேரர் பார்க் சாப்பாட்டுக் கடையில் அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவனுக்கு முகமெல்லாம் பல். அப்பாவை உரித்து வைத்திருக்கும் எனக்கே இல்லையாம், அம்மா ஜாடையில் இருக்கும் அவனுக்கு எங்கிருந்து வருமாம். எனக்கு இருந்திருந்தால், நானே வாங்கிக்கொண்டேன், அவன் தப்பித்தான் என்றிருப்பான். மடையன். ஆரம்பத்திலேயே பிடித்தால் பிழைக்கலாம் என்றேன். காதில் ஏறவில்லை. மடியிலிருந்த மகளுக்குத் தோசையைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தான்.

"உன் பொண்ணுக்கு நம்ம அப்பா மூக்கு எப்படிடா வந்துச்சு? உன் மூஞ்சில இல்லையே. உன் வழியாத்தானே வந்திருக்கு?"

அவன் கை நின்றது. பிள்ளை வாயைத் திறந்தபடி காத்திருந்தது.

"டெஸ்டுக்கு எங்கக்கா போகணும்?" என்றான்.

அவனுக்கு இருந்தது. இனி தவறாமல் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். மகளுக்கும் பெரியவளானதும் பரிசோதனை. ஃபோனில் அவன் சொன்னபோது துணி மடித்துக்கொண்டிருந்தேன். சரிடா என்றேன்.

"நீ சொன்னதுதான் சரி, அக்கா," என்றான்.

அந்த மடையன் சொன்னதே சரியாக இருந்திருக்கக்கூடாதா.