ரேடியேட்டர் மாற்றிய வெள்ளிக்கிழமை

என் வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் முதல் கணுவோடு நின்றுவிட்டன. கடைக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள் மெஷினில் மாட்டிக்கொண்டதா என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

தீவில், மின்னி பே என்ற கடலோரப் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் வாப்பாவின் அம்பாசிடர் நின்றது. வாப்பா மௌத்தான பிறகு நான்தான் அதை ஓட்டிக்கொண்டிருந்தேன். கடல் காற்று ரேடியேட்டரை அரித்துத் தின்றுவிட்டது. ஒரு பக்கம் பற்றவைத்தால் மறுபக்கம் ஒழுகும். கடைசியில் மெயின்லேண்டிலிருந்து புதிதாக ஒன்றுக்குச் சொல்லி வைத்தேன். கப்பல் தாமதமாகி, பெட்டி கைக்கு வர ஐந்து வாரம் ஆனது.

அதற்குள் லாத்தா வந்துவிட்டாள். என்னைவிட மூன்று வயது மூத்த அக்கா. லாங் ஐலண்டில் கட்டிக் கொடுத்திருந்தோம். ஒரு சாயங்காலம் கையில் பைகூட இல்லாமல் போட்டில் வந்து இறங்கினாள். இடது மணிக்கட்டு பூசணிப்பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது.

"படியில வழுக்கிட்டேன்டா" என்றாள்.

எக்ஸ்ரே பார்த்த டாக்டரம்மா என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். வழுக்கி விழுந்தால் எலும்பு இப்படி முறுக்கிக்கொண்டு உடையாது என்று சொல்லியிருக்கிறார். அதன்பிறகுதான் லாத்தா வாயைத் திறந்தாள். குழம்பில் உப்புக் குறைந்தது என்று மச்சான் கதவோடு சேர்த்துக் கையை முறுக்கியிருக்கிறார். அடிப்பது புதிதில்லை. முன்பு இரண்டு முறை கன்னத்தில் தடிப்போடு வந்தவளை, பொறுத்துப் போ என்று நானே போட் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, சாப்பிட்டுவிட்டு வேலையில் இறங்கினேன். பழைய தண்ணீரைத் திறந்துவிட்டேன். செம்மண் கரைசல்போல் கொட்டியது. மேல் ஹோஸ் கழன்றது. கீழ் ஹோஸ் இரும்போடு ஒட்டிக் கிடந்ததால் கத்தியால் அறுத்தேன். துருப்பிடித்த போல்ட்டுகளில் ஒன்று தலை முறிந்து என் புறங்கையைக் கிழித்தது. பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை இறக்கும்போது லாத்தா மாவுக்கட்டுப் போடாத கையால் மறுபக்கம் தாங்கிக்கொண்டாள். தண்ணீர் நிரப்பி, மூடியைப் போடாமல், உள்ளே இருக்கும் காற்று வெளியேறட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டேன். ரேடியேட்டருக்குப் பின்னால் இரும்பு ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

அப்போதுதான் மச்சான் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஸலாம் சொல்லவில்லை.

"கிளம்பு. நாளைக்குக் காலைல போட்" என்றார் லாத்தாவிடம்.

"நான் வரலை."

"மச்சான், அவ கை கூடட்டும். அப்புறம் உக்காந்து பேசலாம்" என்றேன்.

"இது மியா-பீவி மேட்டரு, புருஷன் பொண்டாட்டி விஷயம். நீ நடுவுல வராத." சொல்லிக்கொண்டே அவள் கையைப் பிடித்து இழுத்தார். மாவுக்கட்டுப் போட்ட கையை.

லாத்தா அலறியது இன்னும் காதில் இருக்கிறது. என் கையிலிருந்த ஸ்பேனரால் அவருடைய தோளில் அடித்தேன். காரை எலும்பு முறியும் சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அவர் திரும்பி என் வாயில் குத்தினார். ஒரு பல் உடைந்து நாக்கில் கிடந்தது. துப்பிவிட்டு அவருடைய பிடரியைப் பிடித்து, மட்கார்டுக்கு மேல் வளைத்து, எஞ்சினுக்குள் தலையை அழுத்தினேன்.

அவர் முகத்துக்கும் ஃபேனுக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது. பிறகு அரைச் சாண். ஃபேன் காற்றில் அவர் தாடி அலைந்தது. "வேணாம்டா, வேணாம்டா" என்று கத்தினார். வேலிக்கு அந்தப்பக்கம் வங்காளிப் பக்கத்துவீட்டுக்காரர், "அரே சோட் தோ! மர் ஜாயேகா!" என்று கூவினார். விடு, செத்துப்போவான் என்கிறார் என்பது எனக்கு நன்றாகவே புரிந்தது. அந்த நேரத்தில் எனக்குக் கோபம்கூட இல்லை. ஒரு வேலையை முடிக்கிற நிதானம்தான் இருந்தது. இன்னும் அழுத்தினேன்.

அவர் முழங்கையால் என் விலாவில் இடித்தார். வியர்வையில் என் கை அவர் கழுத்திலிருந்து வழுக்கி நேரே ஃபேனுக்குள் போனது. டக்டக்கென்று இரண்டு சத்தம். வலியே இல்லை. புது ரேடியேட்டர் முழுக்க ரத்தம் சிதறியிருந்ததைத்தான் முதலில் பார்த்தேன்.

லாத்தா கார் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் நின்றது.

மச்சான் தரையில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். ரத்தம் ஒழுகும் கையோடு போய் அவர் வயிற்றில் மிதித்தேன். மறுபடியும் மிதிக்கக் காலைத் தூக்கியபோது லாத்தா குறுக்கே வந்து நின்றாள்.

"என்னையும் மிதிச்சிட்டுப் போ" என்றாள். காலை இறக்கினேன்.

பக்கத்துவீட்டுக்காரர்தான் ஆட்டோ பிடித்து என்னையும் மச்சானையும் ஒரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். லாத்தா விரல் துண்டுகளைத் தேடி எடுத்து ஐஸோடு கவரில் போட்டுக் கொண்டுவந்தாள். நசுங்கிப் போயிருந்ததால் ஒட்டவைக்க முடியவில்லை.

போலீஸ் வந்தபோது அவள் எதையும் மறைக்கவில்லை. புருஷன் கையை உடைத்ததைச் சொன்னாள். முதலில் ஸ்பேனரால் அடித்தது நான் என்பதையும், தலையை ஃபேனுக்குள் தள்ளப் பார்த்ததையும் சேர்த்தே சொன்னாள்.

"எனக்காக ஒரு வார்த்தை குறைச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"இத்தனை வருசம் படியில வழுக்குனேன், குளியலறையில வழுக்குனேன்னே சொன்னேன். இனிமே என்னால முடியாதுடா."

எங்கள் இரண்டு பேர்மீதும் கேஸ் ஆனது. நெடுநாள் கோர்ட்டுக்கு நடந்தேன். கடைசியில் இரண்டு பக்கமும் சமாதானமாகப் போனோம். ஜமாஅத்தில் வைத்து லாத்தா விவாகரத்துக்காகக் குலா கேட்டாள். அவரும் மறுக்காமல் கையெழுத்துப் போட்டார். இப்போது அவள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். தினமும் காலையில் பஸ் ஏறி, சிப்பிகாட் என்ற இடத்தில் ஒரு நாற்றுத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய் வருகிறாள்.

அந்த ரேடியேட்டர் சொட்டுக்கூட ஒழுகவில்லை. காரில் கொண்டுவிடுகிறேன் என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன். "பஸ் போதும்" என்பாள்.

என்மேல் அவளுக்குப் பாசம் குறையவில்லை. மீனில் நடுத்துண்டை எனக்கென்று எடுத்துவைப்பாள். ஆனால் போன வாரம் சரக்கு வராததற்காக நான் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தபோது, சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். போனை வைத்துவிட்டுப் போய்க் கூப்பிட்டேன். உடனே வரவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வந்து, ஆறிப்போன சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.